ரேடியேஷன் லீக்னு ஃபார்வர்ட் வந்தா எப்படி படிக்கிறது, என்ன செய்யறது

கூடங்குளத்துல லீக், கல்பாக்கத்துல லீக், ஜப்பான்ல இருந்து விஷ மழை வருதுன்னு ஏதாவது ஒண்ணு அப்பப்போ ஃபேமிலி குரூப்புல வந்து விழும். 2011 மார்ச்ல ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தப்போ பிபிசி சொன்னதா ஒரு எஸ்எம்எஸ் ஆசியா முழுக்க சுத்துச்சு, மழையில நனையாதீங்க, கழுத்துல தைராய்டு இருக்கிற இடத்துல பெட்டடைன் தடவிக்கோங்கன்னு. பிபிசி அப்படி எதுவும் சொல்லவே இல்ல. பெட்டடைன் தடவுறதால தைராய்டுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. அதனால அடுத்த தடவை வந்தா என்னத்த பாக்கணும்னு ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

மொதல்ல நம்பரை விட்டுட்டு யூனிட்டை பாருங்க. உடம்புல ஏறுற டோஸை அளக்கிறது சீவர்ட். ஒரு சீவர்ட்ங்கிறது ரொம்ப பெருசு, அதுல ஆயிரத்துல ஒரு பங்கு மில்லிசீவர்ட், அதுலயும் ஆயிரத்துல ஒரு பங்கு மைக்ரோசீவர்ட். ஃபார்வர்ட் எழுதுறவன் மில்லியையும் மைக்ரோவையும் மாத்தி போட்டான்னா கதை ஆயிரம் மடங்கு பெருசாயிடும், பாதி பீதி இங்கதான் பொறக்குது. அடுத்தது பெக்கரல், அது டோஸே கிடையாது, ஒரு செகண்டுக்கு எத்தனை அணு சிதையுதுங்கிற எண்ணிக்கை மட்டும்தான். நம்ம ஒவ்வொருத்தர் உடம்புக்குள்ளயும் இயற்கையாவே இருக்கிற, கதிர் விடுற பொட்டாசியம்-40 மட்டுமே சில ஆயிரம் பெக்கரல் வரும், அதனால "ஆயிரக்கணக்கான பெக்கரல் கண்டுபிடிப்பு"ன்னு தலைப்பு பாத்தா எதுல, எவ்வளவு லிட்டர்ல, எந்த தனிமம்னு கேக்காம ஷேர் பண்ணாதீங்க.

யூனிட் சரின்னா, எவ்வளவு நேரத்துக்குங்கிறது அடுத்த கேள்வி. மீட்டர்ல 0.12 மைக்ரோசீவர்ட்னு காட்டுனா அது ஒரு மணி நேரத்துக்கு. 24-ஆல பெருக்கி 365-ஆல பெருக்குனா வருஷத்துக்கு ஒரு மில்லிசீவர்ட்டை ஒட்டி வரும், இது பெரும்பாலான ஊர்ல சாதாரணமா இருக்கிற அளவுதான். காத்தோட சுவாசிக்கிற ரேடான்ங்கிற கதிரியக்க வாயு, சாப்பாடு எல்லாம் சேத்தா உலக சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். கன்னியாகுமரி மாவட்டத்துல மணவாளக்குறிச்சி பக்கம், கேரளாவுல கருநாகப்பள்ளி பக்கம் கடற்கரை மணல்ல மோனசைட்ங்கிற தாது இருக்கு, அதுல கதிர் விடுற தோரியம் இருக்கு, அங்கெல்லாம் இயற்கையாவே இது பல மடங்கு. யாராவது அந்த பீச்ல மீட்டரை வச்சு வீடியோ எடுத்து "கூடங்குளம் லீக் பாருங்க"ன்னு போட்டா, அந்த மணல் உலை கட்டுறதுக்கு பல ஆயிரம் வருஷம் முன்னாடியே அப்படித்தான்.

ஒப்பிட சில நம்பர் மனசுல இருந்தா போதும். நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டுக்குள்ள (இனி சுருக்கமா மில்லின்னு சொல்றேன்), வயித்து சிடி ஸ்கேன் கிட்டத்தட்ட 10 மில்லி. அணுமின் நிலையத்தால பொதுமக்களுக்கு வருஷத்துக்கு 1 மில்லிக்கு மேல போகக்கூடாதுங்கிறது விதி, அங்க வேலை செய்றவங்களுக்கு அஞ்சு வருஷ சராசரி 20, எந்த ஒரு வருஷமும் 30-ஐ தாண்டக்கூடாது. 100 மில்லிக்கு மேல போனா கேன்சர் வாய்ப்பு கூடுறது கணக்குல தெரியும், அதுக்கு கீழ தெளிவா பிரிச்சு பாக்கிறது கஷ்டம், ஆனாலும் கொஞ்சமா இருந்தாலும் கொஞ்சம் ரிஸ்க்னு வச்சுக்கிட்டுதான் விதி எழுதுறாங்க, அது சரியும்கூட. ஒரே அடியா 1000 மில்லி பக்கம் ஏறுனாதான் வாந்தி, ரத்த அணு குறையுறது எல்லாம் வரும். 4000, 5000 ஏறுனா சிகிச்சை இல்லாம பாதிப்பேர் பொழைக்க மாட்டாங்க.

இப்ப உலைக்கு வருவோம். "அணுகுண்டு மாதிரி வெடிச்சிரும்"ங்கிறது நடக்காத விஷயம், குண்டுக்கு யுரேனியம்-235 90 சதவீதம் பக்கம் வேணும், கூடங்குளம் மாதிரி உலையில 5 சதவீதத்துக்குள்ளதான். கூடங்குளமும் ரஷ்ய டிசைன், செர்னோபிலும் ரஷ்ய டிசைன், ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேக்கிறவங்க நிறைய பேரு. 1986-ல செர்னோபில்ல வெடிச்சது, நியூட்ரானை மெதுவாக்க கிராஃபைட் வச்ச உலை, அதுல தண்ணி ஆவியாக ஆக ரியாக்‌ஷன் ஏறும். கூடங்குளத்துல இருக்கிறது விவிஇஆர்ங்கிற வகை உலை, அணுவை பிளக்கிற நியூட்ரானை மெதுவாக்குனாதான் அதுல அணுப்பிளவு தொடரும், அந்த வேலையை தண்ணியேதான் செய்யுது, தண்ணி போனா ரியாக்‌ஷன் தானா விழுந்துரும், மேல கனமான கான்கிரீட் கூடும் இருக்கு.

அப்போ பயப்பட எதுவுமே இல்லையான்னா, இருக்கு. உண்மையான பிரச்சனை உலையை ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம்தான். அடுப்புல விறகை இழுத்துப் போட்டாலும் கங்கு கணகணன்னு இருக்குமே அந்த மாதிரி, ரியாக்‌ஷன் நின்னாலும் அணு பிளந்து உண்டாகி உள்ள சேந்திருக்கிற துண்டுகள் சிதைஞ்சு சூடு குடுத்துக்கிட்டே இருக்கும். கூடங்குளத்துல ஒரு யூனிட் 1000 மெகாவாட் கரண்ட் குடுக்க 3000 மெகாவாட் வெப்பம் உண்டாக்குது, நிறுத்துன அந்த நொடியில அதுல 6, 7 சதவீதம் பாக்கி, அதாவது 200 மெகாவாட் பக்கம். ஒரு நாள் கழிச்சு பாத்தாலும் 10 மெகாவாட்டுக்கு மேல இருக்கும். இதை தண்ணி ஓட்டி எடுத்துக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா எரிபொருள் உருகிரும். ஃபுகுஷிமாவுல நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கிட்டிருந்த மூணு உலையும் ஒழுங்கா நின்னுச்சு, டீசல் ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள சுனாமி வந்து ஜெனரேட்டர்களை முழுகடிச்சிருச்சு, பம்பு நின்னுச்சு, மூணும் உருகிருச்சு. நாம டிவியில பாத்த வெடிப்பு ஹைட்ரஜன் கேஸ் வெடிச்சது.

அதனால ஏதாவது சம்பவம்னு கேள்விப்பட்டா "உலை நின்னுச்சா"ன்னு கேட்டு நிம்மதி ஆகாதீங்க, "கூலிங் ஓடுதா, கரண்ட் எங்க இருந்து வருது"ன்னு கேளுங்க. 2004 சுனாமியில கல்பாக்கத்துல கடல்தண்ணி பம்ப் ஹவுஸுக்குள்ள ஏறுச்சு, ஓடிக்கிட்டிருந்த ஒரு யூனிட்டை பத்திரமா நிறுத்திட்டாங்க. கூடங்குளத்துல கரண்டே இல்லாட்டியும் நீராவி தானா மேல ஏறி வெளிக்காத்துல குளிர்ந்து தண்ணியா திரும்புற ஏற்பாடு இருக்கு, அதையும் மீறி உருகுனா பிடிக்க அடியில கோர் கேட்ச்சர். நல்ல டிசைன்தான். ஆனா கூடங்குளம் பக்கத்துல இருக்கிற இடிந்தகரை சனங்க கேள்வி கேட்டப்போ "நூறு சதவீதம் பாதுகாப்பு"ன்னு பதில் சொன்னது எனக்கு பிடிக்கல, எந்த மெஷினுக்கும் அப்படி ஒரு சதவீதம் கிடையாது.

நிஜமாவே அறிவிப்பு வந்துட்டா என்ன பண்றது? நிலையத்தை சுத்தி 16 கிலோமீட்டருக்கு அவசரகால திட்டம் இருக்கும், வெளிய மக்கள் பக்கம் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துக்கு. பைக்கை எடுத்துட்டு ஓடாதீங்க, வீட்டுக்குள்ள போங்க, ஓடு, ஓலையை விட கான்கிரீட் வீடு நல்லது, ஜன்னல் கதவை சாத்திட்டு ஏசியை ஆஃப் பண்ணுங்க. வெளிய இருந்து வந்தா வாசல்லயே மேல் துணியை கழட்டி பாலித்தீன் பையில கட்டி ஒதுக்குப்புறமா வைங்க, ஒட்டியிருக்கிற தூசியில பெரும்பகுதி அதோட போயிரும். சோப்பு போட்டு குளிங்க, தோல் உரியிற அளவுக்கு தேய்க்க வேணாம், கண்டிஷனர் போடாதீங்க, அது தூசியை முடியோட ஒட்ட வச்சிரும்.

வெளிய இருந்து படுற கதிர் நீங்க விலகிட்டா நின்னுரும், தூசி மூக்கு, வாய் வழியா உள்ள போயிட்டா விலகியும் நிக்காது. செர்னோபில்ல குழந்தைங்களுக்கு தைராய்டு கேன்சர் வந்ததுக்கு பெரிய காரணம் பால், புல்லுல விழுந்த அயோடின்-131-ங்கிற கதிரியக்க அயோடினை மாடு மேஞ்சு அது பாலுக்கு வந்துச்சு. அதனால அந்த ஊர் பால், கீரை, மூடாத கிணத்துத் தண்ணி எதுவும் அதிகாரிங்க சொல்ற வரைக்கும் வேணாம், பழைய பால் பவுடர் ஓகே. அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருதரம் பாதியாகும், மூணு மாசத்துல காணாம போன மாதிரிதான். சீசியம்-137 பாதியாக 30 வருஷம், அதுதான் ஊரை காலி பண்ண வைக்கும்.

தைராய்டு அயோடினை இழுத்து சேத்து வைக்கிற சுரப்பி, அயோடின் மாத்திரை நல்ல அயோடினால அதை முன்னாடியே நிரப்பி தைராய்டை மட்டும் காக்கும், அதுவும் கதிர் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியோ சில மணி நேரத்துக்குள்ளயோ போட்டாதான், சொன்னா மட்டும் போடுங்க. அதுக்கு பதிலா உப்பு தின்னா ஆகாதா? சீனாவுல 2011-ல அப்படித்தான் கடை கடையா உப்பை காலி பண்ணாங்க. பெரியவங்க மாத்திரையில 100 மில்லிகிராம் அயோடின், நம்ம உப்புல ஒரு கிராமுக்கு 30 மைக்ரோகிராம்னு வச்சா மூணு கிலோவுக்கு மேல திங்கணும், கதிருக்கு முன்னாடி உப்பே ஆளை முடிச்சிரும்.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. 2010-ல டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடையில ஒருத்தர் செத்தது அணு உலையால இல்ல, ஒரு யுனிவர்சிட்டி லேப்ல இருந்து ஏலத்துல வந்த பழைய கருவிக்குள்ள இருந்த கோபால்ட்-60-ஆல. 1987-ல பிரேசில்ல கோயானியாங்கிற ஊர்ல கைவிட்ட ஆஸ்பத்திரி மெஷினை உடைச்சு, நீலமா மின்னுதேன்னு சீசியம் பவுடரை வீட்டுக்கு எடுத்துட்டு போயி நாலு பேர் செத்தாங்க. காயலான் கடை வச்சிருக்கிற சொந்தக்காரங்க இருந்தா சொல்லுங்க, மஞ்சள் பின்னணியில மூணு இதழ் விசிறி மாதிரி சின்னம் இருந்தா, இல்ல சைஸுக்கு சம்பந்தமில்லாம கனமா ஈய உருண்டை மாதிரி ஒண்ணு வந்தா வெட்டவும் கூடாது தொடவும் கூடாது, ரெண்டு மடங்கு தள்ளிப் போனா கதிர் நாலுல ஒண்ணா குறையும், அதனால எல்லாரையும் நல்லா தள்ளி நிக்க வச்சுட்டு 112-க்கு போன் போடுங்க.