பொம்மை ரயில் தேடி ஊருக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து பழைய பொம்மை ரயில் தேடுகிறவர்களே, சென்னையில் ஹாபி கடை தேடி அலைந்து நாளை வீணாக்காதீர்கள். அங்கே ரிமோட் கார், ட்ரோன், ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் விமானம் எல்லாம் இருக்கும். ரயில் இருந்தால் அதுவும் புதுப்பெட்டி, நாம் இருக்கும் ஊரிலேயே மலிவாகக் கிடைக்கிற சரக்கு. பழசு என்றால் மூர் மார்க்கெட் என்றிருந்த காலம் 1985 தீவிபத்தோடு முடிந்தது. அந்த மனையில் இப்போது சென்ட்ரலின் புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன, என்ன சொல்ல.

போக வேண்டியது காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் என்று வந்து குவிகிற கடைகள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிவந்த தகர பொம்மை அடியில் எங்காவது கிடக்கும், அதிர்ஷ்டம் இருந்தால். "ரயில் இருக்கா" என்று நேராகக் கேட்டால் அப்போதே விலை ஏறிவிடும். முதலில் ஒரு தூக்குவாளிக்கு விலை கேளுங்கள், அப்புறம் பேச்சுவாக்கில் ரயிலுக்கு வாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதாக வாயைத் திறக்காதீர்கள். செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். லிவர்பூல் மெக்கானோ கம்பெனி முத்திரை இருந்தால் அது ஹார்ன்பி, அந்தக் கம்பெனி செய்த பொம்மை ரயில். தண்டவாளத்தின் உள் அகலம் 32 மி.மீ. என்றால் ஓ கேஜ் என்கிற பெரிய அளவு, ஹார்ன்பியில் 1920 முதல் வந்த வகை, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் பெரும்பாலும் இதுதான். 16.5 மி.மீ. என்றால் 1938இல் வந்த டப்ளோவாக, அதாவது ஹார்ன்பியின் சின்ன அளவு ரயிலாக இருக்கலாம். போருக்கு முந்தைய டப்ளோவில் வார்ப்பு உலோகம் தானாகவே உப்பி விரிசல் விடும், சக்கரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலே வைத்துவிட்டு வாருங்கள். 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று அச்சிருந்தால் போர் முடிந்ததற்கும் 1952க்கும் இடையில் செய்தது. கடைக்காரர் "பளபளன்னு ஆக்கித் தரேன் சார்" என்றால் உடனே தடுங்கள். பித்தளைக்குப் போடுகிற புளியை இதற்கும் போடுவார்கள், தகரத்தின் மேலிருக்கும் நிறம் அதோடு போச்சு. மின்சார ரயிலோடு கூட வரும் பழைய ட்ரான்ஸ்ஃபார்மரை பிளக்கில் செருகவே செருகாதீர்கள்.

சரி, இதெல்லாம் சுலபம். நம்மில் பலருக்குக் கடையே தேவையில்லை, வீட்டுப் பரணிலேயே ஒன்று கிடக்கும். எனக்கும் கிடந்தது, தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. பெரியப்பாவுக்கு போனில் சொன்னபோது "உனக்கில்லாததா, வந்து எடுத்துக்கோ" என்றார். போய் இறங்கிக் காப்பி குடித்து முடிப்பதற்குள், "அப்படியே ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு தம்பி" என்றார். விடுதலைப் பத்திரம். வீட்டில் அப்பா வழியாக எனக்கு வரும் பங்கை அண்ணன் பெயருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பத்திர எழுத்தர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார், என் பெயருக்கு முன்னால் என் வயது மட்டும் காலியாக இருந்தது.

சார்பதிவாளர் அலுவலகம் என்றால் ஒரு காலைப்பொழுது என்று நினைக்காதீர்கள். பழைய பத்திரத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். வந்தால், வாரிசுச் சான்றிதழில் அத்தை பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்து வந்த நாள் முகூர்த்த நாள், டோக்கன் போட்ட கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அப்புறம் சர்வர் இல்லை. சாட்சிக்கு வந்த ரெண்டு பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா சொன்னார்: "நீ எங்க வந்து இங்க இருக்கப் போற." குத்திக் காட்டவில்லை, கணக்குச் சொல்வது மாதிரிதான் சொன்னார். ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாற்றியது அண்ணன், பாட்டியைக் கடைசிவரை தூக்கி உட்காரவைத்தது அண்ணி. எனக்குப் பதில் வரவில்லை, ஆனால் எரிச்சல் மட்டும் வந்தது, அது இன்னும் போகவில்லை.

ஆகவே கிளம்பும் முன்பே வீட்டில் கேட்டுவிடுங்கள், ஏதாவது கையெழுத்து காத்திருக்கிறதா என்று. இருந்தால் அங்கிருந்தே பொது அதிகாரப் பத்திரம் எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம், அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வரைவை முதலில் வாங்கி உங்கள் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அப்படிச் செய்தால் விடுமுறையாவது மிஞ்சும், ரயிலைப் பற்றிப் பேசவும் நேரம் இருக்கும்.

எடுத்து வரும்போது ஒன்று. 100 வயது தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாடு கொண்டுபோக 1972 தொல்பொருள் சட்டம் விடாது. 1920களின் தொடக்கத்து ஹார்ன்பி அந்த வயதைத் தொட்டுவிட்டது, அது வெறும் பொம்மை என்று விமான நிலையத்தில் நின்று வாதாட முடியாது. சந்தேகமிருந்தால் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்குங்கள். முத்திரை தெரியும்படி படமெடுத்து போனில் வையுங்கள். ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்திவிட்டுக் கட்டுங்கள், சாவியைத் தனிப் பொட்டலமாகப் போடுங்கள். சாவி தொலைந்திருந்தாலும் கவலை இல்லை, இங்கிலாந்தில் பொம்மைச் சந்தைகளில் மாற்றுச் சாவி கிடைக்கும்.