இயற்பியல் செய்தி எழுத வருபவர்களுக்கு: நான் விழுந்த பள்ளங்கள்

அண்மையில், புதிதாக அறிவியல் எழுத வந்த நால்வரின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வாக்கியங்களில்! மில்லியனைப் பில்லியன் ஆக்குவது, பெயரைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

‘போட்டதைவிட அதிகம் வந்தது’

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். 2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் ஒரு சிறு உலோக உருளைக்குள் பாய்ந்தன. அங்கே எழுந்த எக்ஸ் கதிர்கள் மிளகைவிடச் சிறிய எரிபொருள் உருண்டையை நசுக்கின. போய்ச் சேர்ந்த லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், அணுக்கருக்கள் ஒன்றோடொன்று சேரும் அணுக்கரு இணைவில் வெளிவந்தது 3.15 மெகாஜூல். எட்டு நாள் கழித்து அறிவிப்பு வந்தது. அன்றிரவே, அள்ள அள்ளக் குறையாத மின்சாரம் வாசலுக்கு வந்துவிட்ட தோரணையில் எழுதிக் கொடுத்தேன்.

கட்டுரை வந்ததும் ஒரு மின் பொறியாளர் ஒற்றை வரி எழுதியிருந்தார்: “லேசரை இயக்கச் சுவரிலிருந்து எவ்வளவு இழுத்தார்கள்?”

சுமார் 300 மெகாஜூல். ஆய்வகம் அதை ஒளிக்கவே இல்லை, நான்தான் தேடவில்லை. ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல். ஆக, ஏறக்குறைய 83 யூனிட் செலவழித்து ஒரு யூனிட்டுக்கும் குறைவாகப் பெற்றிருக்கிறார்கள். அதுவும் மின்சாரமாக இல்லை. பெரும்பகுதி பறந்தோடும் நியூட்ரான்களின் ஆற்றலாக. திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த இதழ் அதன்பிறகு ஒன்றரை வருடம் என்னிடம் இயற்பியல் கட்டுரை கேட்கவில்லை.

சாதனை பெரியதுதான். 2025 ஏப்ரலில் 2.08 மெகாஜூலுக்கு 8.6 மெகாஜூல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த லேசர் நிலையம் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டதே இல்லை. வெடித்துப் பார்க்காமல் அணு ஆயுத இருப்பைப் பராமரிக்க உதவுவது அதன் முக்கிய வேலை. லேசர் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்ததில்லை.

திருத்தக் கொடுத்த நால்வரில் இருவர், பிரான்சில் எழும் பன்னாட்டு அணுக்கரு இணைவு உலையான ஈட்டர் விஷயத்தில் இதே குழியில் விழுந்திருந்தார்கள். 50 மெகாவாட் கொடுத்து 500 மெகாவாட் எடுப்பது அதன் இலக்கு. அது பிளாஸ்மாவுக்குள், அதாவது இணைவு நடக்கும் மிகச் சூடான வாயுவுக்குள், செலுத்தும் வெப்பத்துக்கும் இணைவில் எழும் திறனுக்கும் உள்ள கணக்கு மட்டுமே. மீக்கடத்தியால் (மின்தடையே இல்லாத பொருளால்) ஆன காந்தங்களைக் குளிர்விக்கும் செலவு அதில் சேராது. ஈட்டர் மின்சாரம் தயாரிக்கப் போவதும் இல்லை. எங்கே கோடு கிழித்து அளந்தார்கள் என்பதைக் கட்டுரையிலேயே ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள். தலைப்பின் கவர்ச்சி குறையும், குறையட்டும்.

வீடியோவை நம்புவது

2023இல் வந்த வீடியோவில், எல்கே-99 என்ற பொருளின் துண்டு ஒன்று காந்தத்தின் மேல், ஒரு ஓரம் அதிலேயே ஊன்றியபடி பாதி மிதந்தது. அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று உலகமே குதித்தது. கடைசியில் அது மீக்கடத்தியே இல்லை. மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம், உடன் கலந்திருந்த தாமிர சல்ஃபைடு 104 டிகிரி செல்சியஸ் அருகே நிலைமாறுவது.

3 சிக்மாவைக் ‘கண்டுபிடிப்பு’ என்பது

வேண்டாம். ஒரு முடிவு வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் அளவுதான் சிக்மா. 5 வரட்டும்.

5 தாண்டினால் சந்தேகமே இல்லை என்பது

2011இல் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவிக்கப்பட்ட நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் 6 சிக்மாவோடு வந்தவை. கடைசியில் சரியாகச் செருகாத ஒளியிழைக் கேபிள்! பிழை எங்கே என்று பாருங்கள் என்றுதான் அதை அளந்த குழு மற்றவர்களைக் கேட்டது. ஐன்ஸ்டைனைத் தோற்கடித்தது செய்தி எழுதும் எங்கள் ஆட்கள்.

குவாண்டம் கணினியின் வேகம்

2019இல் கூகுளின் 53 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) கணினி 200 நொடியில் முடித்த வேலைக்கு, சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10,000 ஆண்டு ஆகும் என்றது கூகுள். இரண்டரை நாள் போதும் என்றது ஐபிஎம். இரண்டையும் எழுதுங்கள்.