நர்ஸ் வருவதற்கு முன் நோட்டில் எழுத வேண்டியவை

அம்மாவுக்கு டிமென்ஷியா. மறதி நோயாளிகளைப் பார்த்துப் பழகிய நர்ஸ் ஒருவர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். அந்த ஒரு மணி நேரம் வீணாகாமல் இருக்க, அடுக்களையில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

"சாயங்காலம் தொந்தரவு" என்று எழுதினால் போதாது. "செவ்வாய், மாலை 5.40. 'அப்பா தேடுவாரு, வீட்டுக்குப் போகணும்' என்று தாழ்ப்பாளை இழுத்தாள். மதியம் தூங்கவில்லை" என்று எழுதுங்கள். இதைப் படித்துத்தான் நர்ஸ், இருட்டும் முன்பே விளக்கைப் போடச் சொன்னார். அப்புறம், தாத்தா இறந்துவிட்டதை நினைவூட்டாமல், "தாத்தாவுக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்கச் சொன்னார். அம்மா சுண்டல் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டாள்.

குழப்பம் திடீரென்று கூடினால் நர்ஸுக்காகக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோ புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசிப் பக்கம் உங்களுக்கு. தூக்கமில்லாத இரவு, முதுகுவலி, அம்மாவிடம் கத்திவிட்டு அழுத நாள், எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் நர்ஸின் மூன்றாவது வருகையில்தான் வாய் திறந்தேன். அம்மாவின் கையிலிருந்து பி.பி. பட்டையைக் கழற்றி, அவர் என் கையில் சுற்றினார்.

யாரைக் கேட்பது என்றே தெரியாதவர்கள், முதியோர் உதவி எண் 14567-இல் தொடங்கலாம்.