பெர்லினோடு முடியவில்லை: ஆப்பிரிக்க வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியர் ஆப்பிரிக்காவைக் கைப்பற்றிய வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கும் இளைஞர்களின் கட்டுரைகள் திருத்தத்துக்காக என்னிடம் வருகின்றன. ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழைகளை அவர்களே சரிசெய்துகொள்வார்கள். வேறு சில தவறுகள்தாம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டே போகின்றன.

பெர்லின் மேசையில் எல்லாம் முடிந்தது என்பது

சென்ற மாதம் வந்த கட்டுரையும் இப்படித்தான் தொடங்கியது: 1885இல் ஐரோப்பியர்கள் பெர்லினில் கூடி, வரைபடத்தை விரித்து, அளவுகோல் வைத்துக் கண்டத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அடுத்த பத்தியிலேயே விடுதலை. இடைப்பட்ட 70 ஆண்டுகளைக் காணவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் கோபம் தணிவதில்லை.

ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கூட்டிய அந்த மாநாடு 1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரியில் முடிந்தது. ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் அழைப்பில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே முடிவானவை காங்கோ, நைஜர் ஆறுகளில் வணிகம் செய்வதற்கும், கரையோரங்களில் புதிதாக உரிமை கோருவதற்குமான விதிகள். எல்லைகளில் பெரும்பாலானவை பின்னர் இரண்டிரண்டு வல்லரசுகளாகப் பேசிச் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் வந்தவை. மண்ணோ, பல இடங்களில் ஊர் ஊராகப் போரிட்டுப் பறிக்கப்பட்டது.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பேரரசை ஆண்ட சமோரி தூரே 1882இல் பிரெஞ்சுப் படையோடு மோதத் தொடங்கினார். இடையிடையே உடன்படிக்கை செய்துகொண்டார், மீண்டும் போரிட்டார், 1898இல்தான் பிடிபட்டார். அவருடைய கொல்லர்கள் ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் பார்த்து, அதே வகையைத் தங்கள் உலைகளில் செய்து கொடுத்தார்கள். படை கிழக்கே பின்வாங்கியபோது, எதிரிக்கு ஒரு தானியம் கிடைக்காதபடி வயல்களை எரித்துவிட்டுப் போனது. அந்த ஊர் மக்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். காபோனுக்கு நாடு கடத்தப்பட்ட சமோரி 1900இல் அங்கேயே இறந்தார். அளவுகோல் கதையில் இவருக்கு ஒரு வரிகூட இல்லை. 1900இல் இன்றைய கானாவில் பிரிட்டிஷாரை எதிர்த்து அசாந்தே மக்களைப் போருக்குத் திரட்டிய யா அசாந்தேவாவுக்கும், 1905இல் இன்றைய தான்சானியாவில் ஜெர்மானியரை எதிர்த்து எழுந்த மாஜி மாஜி போராளிகளுக்கும் அதே கதிதான். கொடுமையைக் கண்டிப்பதாக நினைத்துக்கொண்டு, அதை எதிர்த்து நின்றவர்களை அழித்துவிடுகிறோம்.

ஐரோப்பியர் எப்போதும் வென்றார்கள் என்பது

1879 இசண்டில்வானா: சூலு படை பிரிட்டிஷாரைத் தோற்கடித்தது. 1896 அத்வா: எத்தியோப்பியப் படை இத்தாலியரைத் தோற்கடித்தது. இரண்டையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஆப்பிரிக்காவை ஒரே நாடாக எழுதுவது

கூடாது.

கொடியைப் பார்த்து வீரர்களை முடிவு செய்வது

முதல் உலகப் போர் தொடங்கிய 1914இன் நவம்பரில், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர் வசமிருந்த தாங்கா துறைமுகத்தைப் பிடிக்கப் பிரிட்டன் அனுப்பிய படை இந்தியாவிலிருந்து கப்பலேறியது. ஏறத்தாழ 8,000 பேர். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய படைப்பிரிவும் அதில் இருந்தது. அவர்களைத் தோற்கடித்த ஜெர்மன் படையிலோ பெரும்பாலோர் அஸ்காரிகள் எனப்பட்ட ஆப்பிரிக்க வீரர்கள். இதைத்தான் நம் கட்டுரைகள் ‘ஆங்கிலேயர், ஜெர்மானியர் மோதல்’ என்று ஒரே வரியில் கடந்துபோகின்றன.