குளியலறைச் சுவருக்குள் ஒழுகுகிறதா? டைல்ஸை உடைக்கும் முன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, பட்டாசல் (ஹால்) கூரையில் மஞ்சள் வட்டம் விழுந்திருக்கும். இல்லையென்றால் குளியலறையின் மறுபக்கச் சுவரில் பெயிண்ட் உப்பி, தொட்டால் மாவு போல உப்பு கொட்டும். வந்து பார்க்கிறவர் பெரும்பாலும் சொல்வது, "டைல்ஸ் ஜாயிண்ட் விட்டுருச்சு, கெமிக்கல் அடிச்சா சரியாப் போயிரும்." அடித்து ஒரு மாதத்தில் வட்டம் திரும்ப வரும். எந்த வழியாக ஒழுகுகிறது என்று பிரித்துப் பார்க்காமலே மருந்து போட்டதுதான் காரணம்.

குளியலறையில் தண்ணீர் வெளியேற நான்கு வழிகள் உண்டு. எந்நேரமும் தண்ணீர் நிற்கும் குழாய். டைவர்ட்டரிலிருந்து (தண்ணீரை ஷவருக்குத் திருப்பிவிடும் வால்வு) ஷவருக்கு ஏறும், குளிக்கும்போது மட்டும் தண்ணீர் போகும் குழாய். தரைத் தண்ணீர் இறங்கும் நானி ட்ராப்பும் கழிவுக் குழாயும். தரையும் சுவர் டைல்ஸும். நான்கையும் ஒரே நாளில் நனைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஒன்றைச் சோதித்து, காய விட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். மற்றதை நனைக்காமல் சோதிக்கக்கூடியது முதலில் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்காதீர்கள். மொட்டைமாடியிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் இறங்கும் ஈரம் குழப்பிவிடும். பழைய வளவு வீடுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் நெடுகச் சீராக ஈரம் ஏறியிருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம், ஷவரின் வேலை அல்ல. ஒழுக்கு என்றால் ஓரிடத்தில் திட்டாக இருக்கும்.

தேவையானவை: உள்மரை உள்ள அரை இஞ்ச் கேப் ஒன்று, டெஃப்லான் டேப், டார்ச், பென்சில், பழைய துணி, பாலிதீன் பை, கேசரிப் பவுடர், பத்து ரூபாய் நாணயம். கறைக்குப் பக்கத்தில் லைட் பாயிண்ட்டோ சுவிட்ச் போர்டோ இருந்தால் அதற்கு மின்சாரம் தரும் எம்.சி.பி. சுவிட்சை முதலில் இறக்கிவிடுங்கள்.

படி 1: நிற்கும் தண்ணீர்

கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதுங்கள். குளியலறை வால்வைத் திறந்தே வைத்து, இரண்டு நாள் யாரும் அதைப் பயன்படுத்த வேண்டாம். கோடு தாண்டிக் கறை வளர்ந்தால் குழாயில்தான் ஓட்டை. அடுத்து வால்வை மூடிப் பாருங்கள்; வளர்வது நிற்க வேண்டும். கான்கிரீட் காய நாளாகும் என்பதால் கறையின் நிறத்தை நம்பாதீர்கள், ஓரக்கோட்டை மட்டும் பாருங்கள்.

மாடித் தொட்டியில் அளவுக்கோடு போட்டு வைத்தால் தெரியாதா என்று கேட்பார்கள். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் இரவு 8 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர்தான் போகும், அதாவது 2 மி.மீ. அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பெரிய உடைப்புக்கு மட்டுமே அந்த முறை உதவும்.

படி 2: ஷவருக்கு ஏறும் குழாய்

அதிகம் தப்பிப் போவது இதுதான். டைவர்ட்டரை மூடியிருக்கும்போது இந்தக் குழாயில் அழுத்தமே இல்லை. படி 1-இல் அகப்படாது.

ஷவர் தலையை மட்டும் கழற்றுங்கள். அது மாட்டியிருக்கும், சுவரிலிருந்து நீளும் குழாயான ஆர்மைக் கழற்றக் கூடாது. கழற்றினால் நாம் சந்தேகப்படும் மரையே கலைந்துவிடும். ஆர்ம் முனையில் டெஃப்லான் சுற்றிக் கேப்பை இறுக்குங்கள். கீசரை அணைத்து, பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து ஷவருக்குத் திருப்பி 2 மணி நேரம் விடுங்கள். ஷவர் ஓடும்போது இருப்பதைவிட இப்போது குழாயில் அழுத்தம் அதிகம், அதனால் சின்ன ஒழுக்கும் வெளியே வரும். சுவரை ஒட்டிய வட்டத் தகட்டை நகர்த்தி, ஆர்மைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் வைத்துப் பாருங்கள். பேப்பர் நனைந்தால் மரையில் ஒழுக்கு. பேப்பர் காய்ந்திருந்து கீழே கறை நனைந்தால், சுவருக்குள் இருக்கும் எல்போ (குழாய் திரும்பும் வளைவுத் துண்டு) அல்லது ஜாயிண்டில் ஒழுக்கு.

இங்கே நடக்கும் வேலைப் பிழைகள் சில. பித்தளை மரை உள்ள எல்போவுக்குப் பதில் வெறும் பிளாஸ்டிக் மரை போட்டு, ஆர்மை முறுக்கி இறுக்கியதில் எல்போ விரிந்திருக்கும். எல்போ சுவருக்குள் ஆழமாகப் போய்விட, ஆர்ம் இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்திருக்கும். வெந்நீர் லைனில் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய்க்குப் பதில் பச்சைத் தண்ணீருக்கான யு.பி.வி.சி. குழாய் போட்டிருப்பார்கள், அது கீசர் சூட்டைத் தாங்காமல் இளகி ஜாயிண்ட் விடும். துண்டுக் கம்பி மாட்ட டிரில் போட்டதில் குழாயே ஓட்டையாகியிருப்பதும் உண்டு. ஆகவே கறைக்கு நேரே ஏதாவது ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: ட்ராப்

தரையை நனைக்காமல், ஹோஸை நேராக ட்ராப்புக்குள் விட்டு ஐந்து வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கடைசி வாளியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர். கீழே கலர் வந்தால் ட்ராப்பும் குழாயும் சேரும் இடம். கலரைத் தரையில் சிந்தாதீர்கள், வெள்ளை சிமெண்ட் ஜாயிண்டில் பிடித்தால் போகாது.

படி 4: தரை

துணியைப் பாலிதீன் பையில் வைத்து உருட்டி ட்ராப்பை அடைத்துவிடுங்கள். 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். 4-க்கு 6 அடி தரைக்கு 45 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் மூன்று. வாசல் படியைத் தாண்ட விடாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தானாகவே கொஞ்சம் ஆவியாகும். அதனால் நேரான பக்கமுள்ள டிபன் டப்பாவில் அதே 2 செ.மீ. தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து டப்பாவைவிடத் தரையில் அதிகம் இறங்கியிருந்தால், முதலில் துணி அடைப்பு கசிகிறதா பாருங்கள். அது இல்லையென்றால் தரை.

படி 5: சுவர்

தரை காய்ந்தபின் ஹோஸைச் சுவரில் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சுவர், கீழிருந்து மேலாக, 15 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா ஜாயிண்டையும் நனைத்துவிடும், எது என்று தெரியாது.

இனி நாணயம். டைல்ஸைத் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் கலவை நிரம்பவில்லை. நான்கு மூலை, நடுவில் ஒன்று என உருண்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஜாயிண்டில் புகுந்த தண்ணீர் அந்த வெற்றிடத்தில் ஓடி வேறெங்கோ வெளிவரும். கறை ஓரிடம், ஓட்டை இன்னோரிடம் ஆவது இப்படித்தான். தரை வாட்டத்தையும் ரசமட்டத்தில் பாருங்கள். 100-க்கு 1 வேண்டும், 6 அடிக்கு முக்கால் இஞ்ச். குளித்து அரை மணி நேரம் கழித்தும் மூலையில் குட்டையாக நின்றால் அந்த ஜாயிண்ட் நாளெல்லாம் ஊறுகிறது.

தரையோ சுவரோ என்று தெரிந்தால் மேலே பூசும் மருந்து தாற்காலிகம்தான். டைல்ஸுக்கு அடியில் வாட்டர் புரூஃபிங் சுவரில் ஓரடி, ஷவர் பக்கம் ஆறடி வரை ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

குழாய் என்று தெரிந்தால் குளியலறை டைல்ஸைத் தொடாதீர்கள். மறுபக்கம் வெறும் பூச்சுச் சுவர் இருந்தால் அங்கிருந்து உடைக்கச் சொல்லுங்கள். அதே டைல்ஸ் டிசைன் திரும்பக் கிடைப்பது அரிது. ஒட்டிய ஜாயிண்டை ஒரு நாள் காய விட்டு, கீசர் இணைப்பைக் கழற்றி, எல்லா முனைக்கும் பிளக் போட்டு, பிளம்பரின் டெஸ்ட் பம்பில் 6 கிலோ அழுத்தம் ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் முள் அசையாமல் நின்றால்தான் கொத்தனாரைக் கலவை குழைக்கச் சொல்லலாம்.