எம்ஜிபி காரின் பழைய உதிரி பாகங்களை அடையாளம் காண்பது எப்படி?

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரானது. அத்தனை வருடத்தில் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை, உள்ளே ஏகப்பட்டது மாறியது. அதனால் "எம்ஜிபி பார்ட்" என்று விற்கப்படுவதெல்லாம் உங்கள் வண்டிக்குச் சேராது.

1. முதலில் வண்டியின் எண்கள். சேசிஸ் எண் ஜிஎச்என் என்று தொடங்கினால் திறந்த வண்டி, ஜிஎச்டி என்றால் ஜிடி, அதாவது கூரை மூடிய வண்டி. எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 18ஜி, 18ஜிஏ எஞ்சின்களில் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்று. 1964 கடைசியில் வந்த 18ஜிபி-யில் ஐந்து. ஒன்றின் கிராங்க் மற்றதற்கு உட்காராது.

2. சுத்தம் செய்யுங்கள், ஆனால் பதமாக. மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். கம்பி பிரஷ் போட்டால் லேசாகப் பதித்த எண் தேய்ந்துவிடும், அப்புறம் அதை மீட்க வழியில்லை.

3. எண் புடைத்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். புடைத்திருப்பது வார்ப்பு எண், அதாவது வார்க்கும் அச்சிலிருந்தே வந்தது. அதுவே பாகத்தின் எண் என்று நினைக்காதீர்கள். உதாரணமாக, எம்ஜியின் இன்னொரு காரான மிட்ஜெட்டின் 1275 சிசி எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டில் 12ஜி 940 என்றிருக்கும். அதே எண் மோரிஸ் மரீனா 1.3 காரின் ஹெட்டிலும் உண்டு. ஒரே வார்ப்பைப் பல வண்டிகளுக்கு வெவ்வேறு வால்வு அளவில் கடைந்திருக்கிறார்கள். எண் ஒத்துப்போனாலும் வெர்னியர் அளவுகோலால் வால்வை அளக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

லூகாஸ் நிறுவனத்தின் மின்பாகங்களில் குழிந்த எண்களே பேசும். டிஸ்ட்ரிபியூட்டரில் 25டி4 என்பது மாடல். பக்கத்தில் 24 68 என்றிருந்தால் 1968-இன் 24ஆவது வாரத்தில் செய்தது. அந்தத் தேதி கார் வெளிவந்ததற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் மனதுக்கு எவ்வளவு நிறைவு! பின்னால் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

4. எஸ்யூ நிறுவனத்தின் கார்புரேட்டர் என்றால் பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணத்தைப் பாருங்கள். பக்கத்தில் தனியாகத் தொங்கினால் எச்எஸ் வகை, அடிப்பகுதியிலேயே சேர்ந்திருந்தால் எச்ஐஎஃப் வகை. தொண்டை விட்டத்தைக் கணக்கிடுவது சுலபம்: ஒரு அங்குலத்தோடு, வகைப் பெயரின் கடைசியில் உள்ள எண்ணுக்குரிய எட்டில் பங்குகளைக் கூட்டுங்கள். எச்எஸ்4 என்றால் ஒன்றரை அங்குலம், எச்எஸ்2 என்றால் ஒன்றேகால்.

5. போல்ட்டை விட்டுவிடாதீர்கள். எம்ஜிபி-யில் பெரும்பாலும் யுஎன்எஃப் என்ற தர அளவு மரை. 5/16 அங்குல யுஎன்எஃப்-இல் ஒரு அங்குலத்துக்கு 24 மரை, அதே அளவு பழைய பிரிட்டிஷ் தர அளவான பிஎஸ்எஃப்-இல் 22. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிஎஸ்எஃப் நட்டை யுஎன்எஃப் போல்ட்டில் பிடித்தால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்பேனர் போட்டு இழுத்தால் மரை போய்விடும். மரையின் எண்ணிக்கையை அளக்கும் ஒரு த்ரெட் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

6. இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் படமெடுங்கள். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சேர்த்து எம்ஜி பாகக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.