வீடு வாங்கினாலும் விற்றாலும் முதலில் கெரானைப் பாருங்கள்

கோலாலம்பூரில் செந்தூலிலோ செராஸிலோ ஒரு வீடு மனசுக்குப் பிடித்துவிட்டது, "இன்றைக்கே புக்கிங் போடுங்கள், இன்னொருத்தர் காத்திருக்கிறார்" என்று ஏஜண்ட் அவசரப்படுத்துகிறார். சரி, பணம் கட்டலாம், ஆனால் கெரானை, அதாவது நில உரிமைப் பட்டாவை, பார்த்த பிறகு கட்டுங்கள். கைமாறும் வீடுகளில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிற சிக்கல்கள் பலவும் அந்தச் சில பக்கத் தாளில் முதல் நாளிலிருந்தே எழுதித்தான் இருக்கின்றன, யாரும் படிப்பதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

விற்பவர் காட்டும் போட்டோஸ்டேட்டை நம்பாதீர்கள். வழக்கறிஞரிடம் சொல்லி நில அலுவலகத்தில் 'சாரியான்' (பதிவேட்டைத் தேடி எடுக்கும் அதிகாரப்பூர்வ விவரம்) எடுங்கள், அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். அந்தத் தாளில் முதலில் பெயரைப் பாருங்கள். உங்களோடு பேசுகிறவர் பெயர்தானா, வேறு யாராவது கூட்டு உரிமையாளரா? கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் தலையாட்டினால் போதாது. அடுத்து, நிரந்தர நிலமா, குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று பாருங்கள். வருஷம் குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும்.

அப்புறம் 'செகாத்தான் கெபெந்திங்கான்', அதாவது உரிமைக் கட்டுப்பாடு, என்று ஒரு வரி இருக்கும். தயவுசெய்து அதை விடாமல் படியுங்கள். அரசு அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், அந்த அனுமதி வரும்வரை எதுவும் நகராது, பல மாதம் இழுக்கலாம். பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கிய லாட், மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலம் என்றால் நிலைமை இன்னும் கடுமை. அக்கம்பக்கத்து வீடுகளை விட விலை ரொம்பக் குறைவாக விளம்பரம் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழைய அடுக்குமாடிகளில் தனித்தனி ஸ்ட்ராட்டா பட்டா வராமல் இன்னும் முழு நிலத்துக்குமான ஒரே பட்டாவிலேயே (மாஸ்டர் டைட்டில்) இருக்கும். அப்படியானால் மேம்பாட்டாளரின் உறுதிக் கடிதம் வேண்டும், அந்த நிறுவனம் மூடிப்போயிருந்தால் அலைச்சல்தான்.

புக்கிங் பணம் வழக்கமாக விலையில் 2 அல்லது 3 விழுக்காடு. இதை ஏஜண்டின் சொந்தக் கணக்கில் போடவே போடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ வழக்கறிஞரிடமோ கட்டி ரசீது வாங்குங்கள். ஏஜண்டின் பதிவு எண்ணை, அவர்களைப் பதிவு செய்யும் வாரியமான எல்பிபிஇஎச் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஆஃபர் கடிதத்தில் "வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது பிறகு உதவாது. கமிஷன் விற்பவர் கொடுப்பது, விலையில் 3 விழுக்காட்டுக்கு மேல் போகாது. வாங்குகிறவரிடமும் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

எஸ்பிஏ எனும் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது மொத்தம் 10 விழுக்காடு கட்டியிருப்பீர்கள். மீதி 90-க்கு வழக்கமாக 3 மாதத் தவணை, தாண்டினால் இன்னும் 1 மாதம், அதற்கு வட்டி உண்டு. அரசு அனுமதி தேவைப்படும் வீட்டில் அந்த 3 மாதம் அனுமதி வந்த தேதியிலிருந்து ஓடும்படி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று சரிபாருங்கள். கையெழுத்தானதும் வழக்கறிஞர் உங்கள் பெயரில் கேவியட் (நில அலுவலகத்தில் பதியும் தடைக் குறிப்பு) போட்டாரா என்றும் கேளுங்கள். கேவியட் இருக்கும்வரை அந்த வீட்டை விற்பவர் இன்னொருத்தருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

செலவுக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் திகைக்கிறார்கள். 5 லட்சம் வெள்ளி வீடு, 4 லட்சத்து 50 ஆயிரம் கடன் என்று வைத்துக்கொள்வோம். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 5 லட்சம் வரை 2 விழுக்காடு, ஆக 9,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 2,250. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு என்று எஸ்பிஏவுக்கு 6,250, கடன் பத்திரத்துக்கு 5,625. கூட்டினால் 23,125, சேவை வரியும் சில்லறைச் செலவும் தனி. முதல் வீடு வாங்கும் மலேசியருக்கு 5 லட்சம் வரை முத்திரை வரி விலக்கு உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் எஸ்பிஏ தேதி அதற்குள் வருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இப்போது விற்பவர்களுக்கு. நில ஆதாய வரி, ஆர்பிஜிடி, லாபத்துக்கு மட்டும்தான், விலைக்கு அல்ல. குடிமக்கள் வாங்கி 3 வருஷத்துக்குள் விற்றால் 30 விழுக்காடு, 4-வது வருஷம் 20, 5-வது வருஷம் 15, 6-வது வருஷத்திலிருந்து இல்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை முழு விலக்கு கேட்கலாம், அதைச் சின்ன லாபத்துக்குச் செலவழித்துவிடாதீர்கள். வரி வருகிற காலத்தில் விற்றால், வாங்குபவரின் வழக்கறிஞர் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்னுக்குக் கட்டுவார், அதனால் ஆரம்பத்தில் அந்த 10 விழுக்காட்டில் உங்கள் கைக்கு 7 விழுக்காடுதான் வரும். அந்தப் பணத்தை நம்பி அடுத்த வீட்டுக்குப் புக்கிங் போட்டால் இடறிவிடும்.

இவை எல்லாவற்றையும் விட நம் குடும்பங்களைப் பிரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அப்பா இறந்து 15 வருஷம் ஆகியும் கெரான் இன்னும் அவர் பெயரில்தான். மூத்த அண்ணன் வீட்டில் இருக்கிறார், சுக்காய் பிந்துவும் (வீட்டு வரி) சுக்காய் தானாவும் (நில வரி) அவர்தான் கட்டுகிறார், அதனால் வீடு அவருடையது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் இல்லையென்றால் 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம்தான். அப்பாவின் பெற்றோர் இல்லாத நிலையில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகள் அனைவருக்கும் சமமாக. பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கு கால் பங்கு, அம்மாவுக்கு கால், பிள்ளைகளுக்கு பாதி. கல்யாணமாகிப் போன அக்காவுக்கும் தங்கைக்கும் தம்பிக்குள்ள அதே அளவுதான். "அவளுக்குத்தான் நகை போட்டோமே" என்பது நில அலுவலகத்தில் செல்லாது.

நிலமும் சொத்தும் சேர்த்து 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்து உயிலும் இல்லையென்றால், நிலம் இருக்கும் மாவட்டத்தின் நில அலுவலகத்திலேயே சிறு சொத்து விண்ணப்பம் போடலாம், உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. விட்டுக்கொடுக்க விரும்பும் வாரிசு அதை அங்கேயே அதிகாரி முன் சொல்லிக் கையெழுத்திடலாம். 18 வயதுக்குள் வாரிசு யாராவது இருந்தால் அவர் பங்கை விற்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். இத்தனையும் முடியாமல் வாங்குபவரிடம் முன்பணம் வாங்குவதும், அப்படிப்பட்ட வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதும் வேண்டாம். அம்மா இருக்கும்போதே, எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். வாரிசுகளில் ஒருவர் காலமாகிவிட்டால் அவருடைய சொத்துக்கும் தனியாக இன்னொரு விண்ணப்பம் போட வேண்டி வரும்.

கடைசியாகச் சாவி வாங்கும் நாள். தெனாகா மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுங்கள், மெயின்டனன்ஸ், சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி), இண்டா வாட்டர் (கழிவுநீர்க் கட்டணம்), சுக்காய் எல்லாவற்றுக்கும் பாக்கி இல்லை என்ற ரசீதுகளைக் கையில் வாங்குங்கள். வாடகைக்கு ஆள் இருந்தால் காலி செய்துவிட்டாரா என்று கதவைத் திறந்து நேரில் பார்த்துவிட்டுச் சாவிக்குக் கையெழுத்துப் போடுங்கள்.